நீ நெருப்பைக் கொட்டியது சரி

பிள்ளை,

நேற்றுக் காலை குசினிக்குள் அம்மாவிடம் நீ சொன்னது எனக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை. கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றேன், யன்னல் திறந்திருந்தது. "இனி நான் ஆக்களுக்கு முன்னால ஒண்டையும் நிப்பாட்ட மாட்டன் அம்மா. பிழையைக் கண்டால் தாளில எழுதிக் குடுத்திட்டு வந்திடுவன். ஒருக்காச் செய்து பட்டது காணும்" என்றாய். அம்மா "அதுதான் பிள்ளை நல்லது" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் திருவப் போனாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நீ கந்தளாய்க்குப் போகிறாய். கொதிகலன் பரிசோதிக்கும் வேலை. இரண்டு கிழமை அங்குள்ள அரிசி ஆலைகளில் பயிற்சி, பிறகு கொழும்பு. நெல் அவிக்கிற கொதிகலனைச் சுற்றிப் பத்துப் பேராவது நின்று வேலை செய்வார்கள். அங்கே போய் நீ வாயை மூடிக்கொண்டு தாளில் எழுதிவிட்டு வரப்போகிறாய் என்றால், அந்தப் பழக்கத்தை உனக்குள் வைத்தவன் நான். எடுக்க வேண்டியவனும் நான். அதற்கு எனக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

வாயால் சொல்லலாம்தானே என்று அம்மா கேட்டாள். ஏலாது. வாயால் சொல்லத் தொடங்கினால் மூன்றாவது வசனத்திலேயே எனக்காக நியாயம் பேசத் தொடங்கிவிடுவேன். நீயும் பாவம் பார்த்து "சரி அப்பா, விடுங்கோ" என்பாய். எழுத்தில் நீ குறுக்கே வர முடியாது, நானும் நழுவ முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மற்றப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல நரைத்த தலையோடு அப்பாக்கள் இருக்கிறார்கள். எனக்கு நாற்பத்தொன்று, உனக்கு இருபத்தொன்று. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே கலியாணம் கட்டி, அடுத்த வருடம் உன்னைக் கையில் வாங்கியவன் நான். நீ வளரும்போதுதான் நானும் வளர்ந்தேன். சில இடங்களில் நீ என்னை முந்திவிட்டாய். ஆகவே இதைப் பெரியவர் ஒருவர் சொல்லும் புத்தியாக எடுக்காதே. ஒரு பழுதைப் பற்றி அதைச் செய்தவனே எழுதும் அறிக்கையாக எடு.

இதை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. இந்த வருடக் கிளிவெட்டிக் கோயில் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிப் போன கிழமை பொடியள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். போகும்போது ஒருவன் சிரித்துக்கொண்டே, "அண்ணை, இந்த முறையும் கோச்சி வருமோ? வந்தால் பெட்டையை வீட்டை விட்டிட்டு வாங்கோ" என்றான். கோச்சி என்றது நான் செய்த நீராவி ரயிலை, பெட்டை என்றது உன்னை. ஒரு வருடமாகியும் அந்தக் கதை அங்கே உயிரோடு இருக்கிறது. உன்னைப் பற்றிய கதை. ஆக்களுக்கு முன்னால் நடந்ததை ஆக்களுக்கு முன்னாலேயே திருத்த வேண்டும். தனியே உன் காதில் சொல்லிவிட்டுத் தப்ப நான் விரும்பவில்லை. நடந்தது உனக்குத் தெரியும், பாதிதான் தெரியும். மலரை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தகரம் போட்ட அறைக்குள் ஆறு வருடம் நான் ஒரு நீராவி எஞ்சின் செய்தேன். விளையாட்டுச் சாமான் இல்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் ஐந்து அங்குலம், எஞ்சின் இரண்டு பேர் பிடித்தால்தான் அசையும், நிலக்கரி போட்டால் பின்னால் வண்டி கட்டி ஐந்தாறு பேரை இழுக்கும். ஏன் செய்தாய் என்று பலர் கேட்டார்கள். துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது என் வேலை. அதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. இணையத்தில் ஒரு வரைபடம் கிடைத்தது. செய்ய முடியும் என்று தெரிந்தது. தொடங்கினேன். உனக்குப் பதினாறு வயதில் ஒரு நாள் நீ வேர்னியரை எடுத்து, நான் கடைந்து முடித்த சிலிண்டரை அளந்து, "அப்பா, இது வட்டமில்லை, முட்டை" என்றாய். ஏசினேன். பிறகு நானே அளந்தேன். முட்டைதான். அந்த வார்ப்பைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டுப் புதிதாகக் கடைந்தேன். அப்போது எனக்குக் கோபம் அரை மணித்தியாலம்தான் இருந்தது, ஏனென்றால் அறைக்குள் நீயும் நானும் மட்டும். தனியே சொன்னால் பிழையைத் திருத்துகிறவன் நான். சபையில் சொன்னால் சொன்னவரைத் திருத்தப் பார்க்கிறவன். இந்த வித்தியாசம் எனக்குள் இருப்பது போன வருடம் வரை எனக்கே தெரியாது.

கொதிகலன் செய்வதுதான் கடைசிப் பெரிய வேலை. அது ஒரு செப்புப் பெட்டிக்குள் இன்னொரு செப்புப் பெட்டி. உள்ளே நெருப்பு, இரண்டுக்கும் நடுவே தண்ணீர். அமுக்கம் ஏறும்போது உள்ளே இருக்கும் சுவர் நெருப்புப் பக்கம் பிதுங்கப் பார்க்கும். பிதுங்காமல் இரண்டு சுவரையும் சேர்த்துப் பிடிப்பவை சுண்டுவிரல் தடிப்பும் இல்லாத செப்புக் குச்சிகள், பக்கத்துக்கு இருபது. ஒவ்வொரு குச்சியின் முனையையும் வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்ட வேண்டும். செம்பு மங்கிய சிவப்பாகும் வரை சுட்டால்தான் வெள்ளிப் பற்றாசு உருகி இடுக்குக்குள் ஓடும். நான் ஒட்டிய நாளில் கச்சான் காற்று. தகரத்துக்குக் கீழால் புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போனது. காற்று விழும் வரை நாலு நாள் பொறுத்திருந்தால் போதும். நான் பொறுக்கவில்லை. திருவிழாவுக்கு ஒரு கிழமை இருந்தது. வலப் பக்கம் மேல் வரிசையில் மூன்று குச்சிகளில் பற்றாசு உள்ளே ஓடவில்லை, மேலே மணி மணியாகத் திரண்டு நின்றது. கண்டேன். திரும்பச் சுட வேண்டும் என்றால் எல்லாவற்றையும் கழுவி, அமிலத்தில் போட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பதிலாக அந்த மூன்றுக்கும் மேலே ஈயப் பற்றாசைப் பூசினேன். வயர் ஒட்டுகிற அதே பற்றாசு. தண்ணீர் கசிவதை அது மறைக்கும். சூட்டில் சுவரைப் பிடித்து நிற்காது. இது தெரியாத ஆள் இல்லை நான்.

ஏன் அந்த அவசரம் என்று உனக்கு நான் ஒருபோதும் சொல்லவில்லை. கிளிவெட்டி அம்மாவின் ஊர். பத்தொன்பது வயதில், வேலையும் இல்லாமல், அவளுடைய வீட்டாரைக் கேட்காமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான். அம்மாவின் கூடப்பிறந்த தவம் மாமா அன்றிலிருந்து எனக்கு வைத்த பெயர் "அவசரம்". இருபது வருடமாகப் பகிடி என்றுதான் சொல்கிறார். இருபது வருடமாக அது எனக்குக் குத்துகிறது. ஆறு வருடம் பொறுமையாக ஒன்றைச் செய்து, அதைக் கோயில் வீதியில் ஓட விட்டு, அவருடைய பிள்ளைகளையே அதில் ஏற்றி அவருடைய வாயை மூட வேண்டும் என்று நினைத்தேன். அதை அவசரமாகச் செய்தேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை கொதிகலனைச் சோதித்தேன். முறை என்ன என்று நீயும் படித்திருக்கிறாய். ஓடும் அமுக்கம் எண்பது இறாத்தல் என்றால், குளிர்ந்த தண்ணீரை நிரப்பிக் கைப்பம்பியால் நூற்றறுபது வரை ஏற்றி வைத்துப் பார்க்க வேண்டும். நான் தொண்ணூறில் நிறுத்தினேன். பம்பி பழுதில்லை, நேரமும் இருந்தது. தொண்ணூறுக்கு மேலே கூட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குள் ஒரு இடத்துக்குத் தெரியும். அதனால்தான் கூட்டவில்லை. நீ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு மடங்குக்குச் சோதிச்சிட்டீங்களோ?" என்று கேட்டாய். "ஓம்" என்றேன். அவ்வளவுதான். ஒரு சொல். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெரிய பொய்களுக்கு ஒரு கதை கட்ட வேண்டும். ஆபத்தான பொய்க்கு ஒரு "ஓம்" போதும். இதை நீ எழுதி வைத்துக்கொள். ஆலைகளில் நீ கேட்கப்போகிற எல்லாக் கேள்விக்கும் முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை நடந்ததை நீ நின்ற இடத்திலிருந்து பார்த்தாய். நான் இருந்த இடத்திலிருந்து சொல்கிறேன். கோயிலுக்குப் பின் வீதியில் அறுபது மீற்றர் பாதை போட்டோம். எஞ்சினுக்குப் பின்னால் கட்டிய வண்டியில் முதல் ஆளாக நான் இருந்து ஓட்டினேன்; நாலு தரம் ஓடி முடிந்தது. ஒவ்வொரு முறையும் இந்த முனைக்கு வந்ததும் நீ நெருப்பறைக் கதவைத் திறந்து கரி போட்டாய். ஐந்தாவது முறை வண்டியில் பிள்ளைகள் ஏறி இருந்துவிட்டார்கள். எனக்கு நேர் பின்னால் தவம் மாமாவின் கடைசி மகன், ஆறு வயது, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு. நீ கதவைத் திறந்தாய், குனிந்து பார்த்தாய், என் காதுக்குக் கிட்ட வந்து மெதுவாகத்தான் சொன்னாய்.

"அப்பா, வலப் பக்கச் சுவரால தண்ணி சொட்டுது. கரி அந்தப் பக்கம் கறுத்துப் போய்க் கிடக்கு."

"அது ஆவி குளிர்ந்து விழுறது. கதவைச் சாத்து."

"ஆவி இல்லை. மேல் வரிசைக் குச்சியடியால வருது. பிள்ளையளை இறக்குங்கோ."

"கரியைப் போட்டிட்டு விலகு."

தவம் மாமா வேலியோரத்திலிருந்து, "என்ன மச்சான், அப்பனும் மகளும் கோச்சிக்குள்ள மீன் பொரிக்கிறியளோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீராவியைத் திறந்துவிடும் கைபிடிக்கு நான் கையை நீட்டினேன். நீ கரிக் கிடுக்கியைச் சாம்பல் தட்டுக்குக் கீழே விட்டுப் பூட்டு ஆணியை இழுத்தாய். தட்டு விழுந்தது, தணல் முழுக்கத் தண்டவாளத்துக்கு நடுவே கொட்டுப்பட்டது. சிலிப்பர் கட்டை பற்றியது, புகை எழும்பியது, பிள்ளைகள் குதித்து ஓடினார்கள், ஒருத்தி அழுதாள். ஒலிபெருக்கிக்காரன் விடுவானா? "கோச்சிக்குக் காய்ச்சலாம்! பிள்ளையளுக்குப் பஞ்சாமிர்தம் குடுக்கினம், எல்லாரும் மண்டபத்துக்கு வாங்கோ." தவம் மாமா கிட்ட வந்து என் தோளில் தட்டி, "மச்சான், உன்ர பெட்டை உன்ர அடுப்பைக் கவிட்டுப் போட்டாள்" என்றார். நீ கிடுக்கியோடு அப்படியே நின்றாய். உன் புறங்கை சிவந்திருந்தது. சுட்டிருக்கிறது. கண்டேன், கேட்கவில்லை.

எஞ்சினை லொறியில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியதும் நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும், எனக்கும் இருக்கிறது. "இனி என்ர வேர்க்ஷொப்புக்குள்ள கால் வைக்கக் கூடாது." அம்மாதான் உன் கைக்குக் கற்றாழை வைத்தாள்.

உனக்குத் தெரியாத பாதி இனித்தான் வருகிறது. அடுத்த புதன்கிழமை நீ கம்பஸுக்குப் போன பிறகு, நான் அரை நாள் லீவு போட்டு வந்து, கொதிகலனைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி, பம்பியைப் பூட்டினேன். நீ பிழை என்று காட்டுவதற்காகத்தான் செய்தேன். தொண்ணூறு வரை போகவே தேவைப்படவில்லை. எழுபதிலேயே அந்த மூன்று இடத்தாலும் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. ஈயப் பற்றாசு நெருப்பில் உருகி ஓடியிருந்தது. ஒழுக ஒழுக வேகமாக அடித்துக்கொண்டே போனேன். நூற்றைத் தாண்டியதும் சாக்கைக் கிழிப்பது போல ஒரு சத்தம். அமுக்கமானி பூச்சியத்துக்கு விழுந்தது. ரோர்ச் அடித்து உள்ளே பார்த்தேன். மூன்று குச்சியும் கழன்று, சுவர் என் உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே பிதுங்கி, நடுவில் கிழிந்திருந்தது. அது குளிர்ந்த தண்ணீர். தரையை நனைத்தது, அவ்வளவுதான். ஓடும்போது நடந்திருந்தால் வெடித்துச் சிதறியிருக்கும் என்று நான் கதை விடமாட்டேன். செம்பு சிதறாது, கிழியும். கிழிந்த இடத்தால் கொதிநீரும் நீராவியும் தணலை அள்ளிக்கொண்டு நெருப்பறைக் கதவு வழியாக வரும். கதவுக்கு முன்னால் என் வயிறு. அதற்குப் பின்னால் அந்தச் சின்னவனின் முகம். மூன்று அடி. அளந்து பார்த்தேன்.

அன்றைக்கே வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கொதிகலனைச் சாக்கில் சுற்றி மேசைக்குக் கீழே தள்ளினேன். ஒரு கிழமைக்குப் பிறகு நீ குசினி வாசலில் நின்று, "அப்பா, நான் அப்பிடி ஆக்களுக்கு முன்னால செய்திருக்கக் கூடாது. எனக்கு விளங்கேல்லை, பயந்திட்டன். மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றாய். நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். "சரி, இனிக் கவனமா இரு" என்றேன். பற்றாசு பூசியதைச் சோம்பல் என்று சொல்லலாம், "ஓம்" என்றதைப் பயம் என்று சொல்லலாம். இதற்கு எனக்குச் சொல் தெரியவில்லை. கிழிந்த செம்பு பத்து அடி தூரத்தில் கிடக்க, நீ செய்யாத பிழைக்கு நீ கேட்ட மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன். புத்தியும் சொன்னேன்.

அந்த மாதம் கிண்ணியாவிலிருந்து நஸார் நானா ஒரு சாக்குக் கரி கொண்டுவந்தார். எங்கள் கரி முழுக்க அவர் தந்ததுதான். கப்பல் அடிப்பக்கம் சுத்தம் செய்யக் கடலுக்குள் இறங்கும் சுழியோடி அவர்; பழைய காலத்தில் கப்பலுக்கு ஏற்றும்போது விழுந்த நிலக்கரி இன்னும் துறைமுகத்தின் அடியில் கிடக்கிறது, மேலே வரும்போது கையில் பட்டதை எடுத்துவருவார். "தம்பி, எஞ்சின் ஓடிச்சா?" என்று கேட்டார். மகள் பயந்து நெருப்பைக் கொட்டிவிட்டாள், எல்லாம் குழம்பிப் போனது என்றேன். அவர் சாக்கை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்கட தொழில்ல கீழ ஒருத்தன் பெருவிரல மேல காட்டினா எல்லாரும் மேல வரணும். ஏனெண்டு தண்ணிக்குள்ள வெச்சிக் கேக்கிறல்ல. மேல வந்து முகமூடியக் கழட்டினாப் பொறகுதான் கேக்கிற. சும்மா பயந்து காட்டினவனயும் ஏசிறல்ல தம்பி. ஏசினா அடுத்த முற அவன் காட்ட மாட்டான்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க மகளுக்கு ஏசினீங்களா?"

"இல்லை நானா" என்றேன்.

"ஏசியிரிக்கீங்க. மூஞ்சில தெரியிது" என்று சிரித்துவிட்டு, பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வருடம் ஒன்று போனது. நீ படிப்பை முடித்தாய், வேலை எடுத்தாய். வேர்க்ஷொப் பக்கம் வரவில்லை. நான் உள்ளே நின்றால் நீ கிணற்றடிக்கு மற்றப் பக்கத்தால் சுற்றிப் போனாய். மலருக்கு வந்த அந்தப் பொடியன் உன்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்ட பிறகுதான், போன ஞாயிறு, கிழிந்த தகட்டை வெட்டி எடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளிவெட்டிக்குப் போனேன். தவம் மாமா வயலால் வந்து கதிரையில் இருந்தார். தகட்டை அவருடைய மடியில் வைத்தேன். "என்ன மச்சான், தாச்சிச் சட்டி ஓட்டையோ?" என்றார். நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும். சிரிப்பு நின்றது. விரலால் அந்தக் கிழிசலைத் தடவிக்கொண்டே, "என்ர சின்னவன் எவ்வளவு தூரத்தில இருந்தவன்?" என்று கேட்டார்.

"மூண்டு அடி."

உள்ளே அந்தச் சின்னவன் தொலைக்காட்சி பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு தவம் மாமா கேட்டார்: "பெட்டைக்கு இதைச் சொல்லிப்போட்டியோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப என்னட்டை ஏன்ரா முதல் வந்தனீ?"

தகட்டைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். தேத்தண்ணி வரவில்லை. மாமி வாசல் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். கேட்டது சரியான கேள்வி. அவரிடம் ஏச்சு வாங்குவது எனக்குச் சுலபம், இருபது வருடம் பழகியது. உன் முன்னால் நிற்பதுதான் ஏலாமல் இருந்தது. அதற்குப் பிறகும் நாலு நாள் இழுத்தேன். நேற்று நீ குசினிக்குள் சொன்னதைக் கேட்டிருக்காவிட்டால் இன்னும் இழுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நஸார் நானா சொன்னது அப்படியே என் வீட்டுக்குள் நடந்திருக்கிறது. நீ இனிக் கை காட்டப்போவதில்லை. அவருடைய தொழிலில் அதற்கு அர்த்தம் ஒரு ஆள் மேலே வரமாட்டான் என்பது. உன் தொழிலிலும் அதேதான்.

ஆகவே இப்போது தொழில் கதை. தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் போதும் என்று நீ நினைக்கிறாய். கணக்குப் போட்டுப் பார். நீ திங்கட்கிழமை எழுதுவாய். அலுவலகத்தில் பெரியவர் செவ்வாய்க்கிழமை வாசிப்பார், வியாழக்கிழமை கையெழுத்து வைப்பார், அடுத்த கிழமை தபாலில் போகும். ஆலையில் உமி நெருப்பு திங்கட்கிழமை எரிந்துகொண்டிருக்கிறது. தாள் தேவை, எழுது. ஆனால் முதலில் நெருப்பு, பிறகுதான் தாள். முதலாளி சோடா உடைத்துத் தருவார், "நங்கி, எல்லாம் சோதிச்சாச்சு" என்று தங்கச்சி முறை கொண்டாடிச் சொல்வார். கோபப்படாதே, பம்பியைக் காட்டச் சொல். அமுக்கமானியைக் கடைசியாக எப்போது ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று கேள். நெருப்பு மூட்டுகிறவனை முதலாளி இல்லாத இடத்தில் பிடித்துக் கதைத்துப் பார். கசிவு இருந்தால் அவனுக்குத்தான் தெரியும், அவனை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். புதிதாகப் பூச்சுப் பூசிய இடத்தைக் கண்டால் சுரண்டிப் பார். மனிதர்கள் நல்ல இடத்தை மறைப்பதில்லை. நான் மறைத்த இடம் மற்ற எல்லா இடத்தையும்விட மினுங்கியது. உனக்கு மேலே உள்ளவர் "விடு பிள்ளை, பிறகு பாப்பம்" என்றால், அது அவருடைய அனுபவமாகவும் இருக்கலாம், வீட்டுக்குப் போகிற அவசரமாகவும் இருக்கலாம். எது என்று உனக்கு உடனே தெரியாது. தெரியும் வரை நெருப்பை எரிய விடாதே. நீ பிழையாகவும் நிப்பாட்டுவாய். நாலு தரத்தில் மூன்று தரம் ஒன்றுமில்லாமல் போகலாம். சிரிப்பார்கள். பெண் பிள்ளை என்று கூடுதலாகச் சிரிப்பார்கள். அந்த மூன்று முறையும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களில் நான் இருக்கமாட்டேன். இதற்கு மேல் உறுதி தர என்னிடம் ஒன்றும் இல்லை.

மன்னிப்புப் பற்றி. நீ அன்று கேட்டது என்னுடையது இல்லை, திருப்பித் தருகிறேன். இனி நான் கேட்க வேண்டும். கேட்கிறேன். உடனே பதில் சொல்லாதே, கந்தளாய்க்குப் போய் வேலையைப் பார். பதில் சொல்லாமலே இருந்தாலும் எனக்கு விளங்கும். கையில் சுட்ட இடத்தை அன்று கேட்காமல் விட்டதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். இந்தக் கடிதம் மலரில் வருவதா இல்லையா என்பதும் உன் முடிவு. வேண்டாம் என்றால் அவர்களிடம் கொடுக்கமாட்டேன். தவம் மாமா வீட்டில் சொன்னது போலக் கிளிவெட்டியில் ஒவ்வொரு வாசலாக ஏறி வாயால் சொல்லிவிட்டு வருவேன்.

ஆக்களுக்கு முன்னால் செய்திருக்கக் கூடாது என்று அன்று சொன்னாய். அன்று அந்த வீதியில் ஒருவரும் இல்லாமல் நானும் எஞ்சினும் மட்டும் இருந்திருந்தால், நீ எனக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டு விலகி நின்றிருக்கலாம். நான் பட்டுத் தெளிந்திருப்பேன். வண்டியில் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். அதனால்தான் நீ ஆணியை இழுத்தாய். திங்கட்கிழமையும் அப்படித்தான். ஆக்கள் நிற்கிறார்கள் என்று தயங்காதே, பிள்ளை. ஆக்கள் நிற்பதால்தான் நிப்பாட்டுகிறாய்.

அப்பா